ப்ளூஸ் ஹார்மோனிகாவில் டர்ன்அரவுண்ட் வரும்போது தடுமாறுகிறேன். எப்படி வாசிப்பது?

ப்ளூஸின் 12 பார் சுற்றில் (பார் என்றால் நான்கு அடி கொண்ட ஒரு தாள அளவு) 10 பார் வரை ஒழுங்காக வாசித்துவிட்டு, டர்ன்அரவுண்ட் எனப்படும் கடைசி இரண்டு பாரில் தொலைந்துபோவதாக எழுதியிருக்கிறீர்கள். நானும் ரொம்ப நாள் அங்கேதான் தொலைந்துகொண்டிருந்தேன். வெளியே வந்த வழியைச் சொல்கிறேன்.

முதலில் கையில் இருப்பது ப்ளூஸுக்கு வாசிக்கும் ஒற்றை வரிசை 10 துளை டயடோனிக் ஹார்மோனிகாதானா என்று பாருங்கள். நம்ம ஊரில் மவுத் ஆர்கன் என்று கேட்டால் பெரும்பாலும் இரட்டை வரிசைத் துளை வைத்த ட்ரெமலோவைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். நான் அதை வாங்கி வைத்துக்கொண்டு ஆறு மாதம் பெண்ட் (ஸ்வரத்தை வளைத்துக் கீழே இறக்குவது) வரவில்லையே என்று இழுத்து இழுத்துத் தொண்டை வலித்ததுதான் மிச்சம். அதில் ஊதும் ரீடுக்கும் (ஒலி தரும் உலோக நாக்கு) இழுக்கும் ரீடுக்கும் தனித்தனி அறை. டயடோனிக்கில் இரண்டும் ஒரே அறையில் இருப்பதால்தான் ஸ்வரம் வளைந்து கொடுக்கிறது.

இனி நான் சொல்வதெல்லாம் சி (C) ஸ்ருதி ஹார்மோனிகாவில் ஜி (G) ஸ்ருதியில் ப்ளூஸ் வாசிப்பதற்கு. ஹார்மோனிகாவின் பஞ்சமத்தை ஷட்ஜமமாக வைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். கிரகபேதம் (வேறு ஸ்வரத்தை ஷட்ஜமமாக வைத்து ராகம் மாற்றுவது) தெரிந்தவர்களுக்கு உடனே பிடிபடும்: கிடைப்பது ஹரிகாம்போதி ராகம். 2ஆம் துளையை இழுத்தால் ச, 4ஆம் துளையை ஊதினால் ம, இழுத்தால் ப. 1ஆம் துளையை இழுத்தால் மந்தர ஸ்தாயி ப, அதாவது கீழே உள்ள ப. இந்தக் கடைசி ஒன்றை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

12 பாரின் கார்டுகளையும் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) இப்படியே அவற்றின் ஆதார ஸ்வரத்தால் பார்க்கலாம். 4 பார் ச, 2 பார் ம, 2 பார் ச. அப்புறம் 9ஆவது ப, 10ஆவது ம, 11ஆவது ச, 12ஆவதில் மறுபடி ப. அந்தப் பஞ்சமத்தில் நிற்கும்போது அடுத்து ச வர வேண்டும் என்று காது கேட்கும். அந்த ஏக்கத்தை உண்டாக்கிவிட்டு அடுத்த சுற்றுக்கு வழிவிடுவதுதான் டர்ன்அரவுண்டின் வேலை.

இது எனக்குப் புரிந்தது ப்ளூஸ்காரர்களிடமிருந்து இல்லை. ராயபுரத்தில் எங்கள் மாடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நண்பன் கிட்டார் வாசிக்க, நான் ஊதிக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தெருவில் கானாவுக்கு டோலக் வாசிக்கும் பெரியவர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். மூன்று சுற்று தாளம் தட்டிப் பார்த்தார். பிறகு கையை டோலக் மேல் வைத்து நிறுத்திவிட்டு, "இன்னா தம்பி, நீ பாட்டுக்கு ஊதிக்கினே போற? நான் எங்க எடுக்கறது?" என்றார். கானாவில் பாடுபவர் பல்லவிக்குத் திரும்பும் முன்னால் குரலை ஒரு இடத்தில் விடுவார், அந்த இடைவெளியில் டோலக் உருண்டு வந்து பல்லவியைத் தூக்கும். நான் 11, 12 இரண்டையும் ஸ்வரத்தால் அடைத்துவிட்டு, அடுத்த சுற்றின் முதல் அடியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் கேட்ட இடைவெளிதான் எனக்கு டர்ன்அரவுண்ட்.

இப்போது வாசிப்பதற்கு ஒன்று. ட்ரா என்றால் அந்தத் துளையை இழுப்பது, ப்ளோ என்றால் ஊதுவது. 11ஆம் பாரின் முதல் அடியில் 2 ட்ரா, சுருக்கமாக. இரண்டாம் அடியில் 5 ட்ரா. மூன்றாம் அடியில் 4 ட்ரா, 4 ட்ரா பெண்ட், 4 ப்ளோ மூன்றும் திஸ்ரமாக, ஓரடியில் மூன்று சமமாக. நாலாம் அடியில் 3 ட்ராவை அரை ஸ்வரம் இறக்கி. 12ஆம் பாரின் முதல் அடியில் 2 ட்ரா, இரண்டாம் அடியில் 1 ட்ரா. ஸ்வரமாகப் பாடினால் ச, நி, ப, பிரதி மத்திமம், சுத்த மத்திமம், சாதாரண காந்தாரம், ச, கீழே ப. வாயால் பாட வராததைத் துளையில் தேடாதீர்கள். பெண்ட் இன்னும் வரவில்லையா? 4 ட்ரா, 4 ப்ளோ, 2 ட்ரா, 1 ட்ரா போதும். நான்கே ஸ்வரம், சபையில் தாராளமாக வாசிக்கலாம்.

1 ட்ராவை ஒற்றை ஸ்வரமாகவே வாசியுங்கள். கிட்டார் பஞ்சமத்தில் மேஜர் கார்ட் போடும்போது அந்தக் கார்டு முழுசாக நம் ஹார்மோனிகாவில் கிடைக்காது. 4, 5, 6 துளைகளைச் சேர்த்து இழுத்தால் மைனர்தான் வரும். ப மட்டும் ஒலித்தால் சுத்தமாகச் சேரும். அதை மூன்றாம் அடி வரை பிடித்து விட்டுவிடுங்கள். நாலாவது அடி டோலக்குக்கு, அல்லது ட்ரம்ஸுக்கு.

எண்ணிக்கை தவறுகிறவர்களுக்கு ஒரு நடைப் பயிற்சி. 12 பாருக்கு 48 அடி. நான் கல்மண்டபத்திலிருந்து காசிமேடு பக்கம் நடக்கும்போது ஹார்மோனிகாவைப் பையிலேயே வைத்துக்கொண்டு முனகிக்கொண்டே எண்ணுவேன். 41ஆம் அடியில் ச, 46ஆம் அடியில் ப. ஒரு மாதம் இப்படி நடந்த பிறகு எண்ணவே தேவைப்படவில்லை, கால் தானாகச் சொன்னது. யூட்யூபில் நூறு லிக் (சின்னச் சின்ன வாசிப்புத் துணுக்கு) மனப்பாடம் செய்வதைவிட இதை முதலில் செய்யச் சொல்வேன். கேட்பதற்கு ப்ளூஸ் ஹார்மோனிகா கலைஞர் இரண்டாம் சன்னி பாய் வில்லியம்சனிடம் போங்கள். இவ்வளவு குறைவாக வாசித்து இவ்வளவு சொல்ல முடியுமா என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும்.

இன்னொன்று. கடைசிச் சுற்றில் 1 ட்ராவில் நிற்கக் கூடாது, பாட்டு அந்தரத்தில் தொங்கும். 2 ட்ராவுக்கு வந்து முடியுங்கள். அது கடைசிச் சுற்று என்பதைக் கிட்டார்காரர் தலையசைத்துத்தான் சொல்வார். கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிற பழக்கம் இருந்தால் 9ஆம் பாரிலேயே திறந்துவிடுங்கள்.