கணினி கேள்வி பதில்: நட்சத்திரம் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: ஐயா, பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சி மொழியில் 'இன்ட் *அ[10];' என்பதற்கும் 'இன்ட் (*அ)[10];' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தேர்வில் கேட்கிறார்கள். மனப்பாடம் செய்தாலும் மறுநாள் ஒன்றோடொன்று மாறிப்போகிறது. என்ன செய்வது?
(வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: மனப்பாடத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். முதல் வகுப்பிலேயே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் மாணவர்களைத் திணறவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. சி மொழியில் ஓர் அறிவிப்பு (ஒரு மாறியின் பெயரையும் வகையையும் சொல்லும் வரி), அந்த மாறியை நிரலில் எப்படிப் பயன்படுத்துவோமோ அதே வடிவில் எழுதப்படுகிறது. 'இன்ட் *அ' என்றால், '*அ' என்று எழுதினால் ஒரு முழு எண் கிடைக்கும் என்று பொருள். 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி எடுத்த முடிவு இது. அழகான எண்ணம்தான். ஆனால் வரி நீண்டால் வாசிப்பவருக்குச் சுமை.

இனி உங்கள் வரிகள். கணக்கில் பெருக்கல் கூட்டலை முந்துவதுபோல, இங்கே சதுர அடைப்பு நட்சத்திரக் குறியை (*) முந்தும். ஆகவே முதல் வரியில் 'அ' முதலில் அணியாகிறது, அதாவது வரிசையாக அடுக்கிய தொகுப்பாகிறது: பத்து உறுப்புகள், ஒவ்வொன்றும் பாயின்டர் (நினைவகத்தில் வேறொன்று இருக்கும் முகவரியைச் சுட்டும் மாறி). இரண்டாம் வரியில் அடைப்புக்குறி குறுக்கே நின்று நட்சத்திரத்தை 'அ'வுக்கே கொடுத்துவிடுகிறது. எனவே 'அ' ஒரே ஒரு பாயின்டர். பத்து எண்கள் கொண்ட முழு அணியையும் அது சுட்டுகிறது. கல்லூரி ஆய்வகத்தில், அளவைச் சொல்லும் 'சைஸ்ஆஃப்' போட்டுப் பாருங்கள். இன்றைய வழக்கமான 64 பிட் கணினியில் பாயின்டர் ஒன்றுக்கு 8 பைட் என்பதால், முதலாவதற்கு 80 பைட் வரும், இரண்டாவதற்கு 8.

முத்தியால்பேட்டையில் என்னிடம் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளைப் பெயரை மட்டும் முதலில் வட்டமிடச் சொல்வேன். அங்கிருந்து வலப்பக்கம் போக வேண்டும். மூடும் அடைப்புக்குறி தடுத்தால் இடப்பக்கம் திரும்ப வேண்டும். அந்த அடைப்பு முடிந்ததும் மீண்டும் வலப்பக்கம். செயற்கூறுகளுக்கும் (ஃபங்ஷன்) இதே வழிதான். 'இன்ட் *அ(இன்ட்)' பாயின்டரைத் திருப்பித் தரும் செயற்கூறு. 'இன்ட் (*அ)(இன்ட்)' செயற்கூறைச் சுட்டும் பாயின்டர்.

இன்னொரு கண்ணியையும் சொல்லிவிடுகிறேன். 'இன்ட்* அ, ஆ;' என்று நட்சத்திரத்தை இன்ட்டோடு ஒட்டி எழுதும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. இரண்டுமே பாயின்டர் என்று கண் நம்பிவிடும். நிரலைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் கம்பைலருக்கு இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. அதன் கணக்கில் 'ஆ' வெறும் முழு எண். வரிக்கு ஒரு பெயர் என்று எழுதுங்கள்.

கேள்வி: புதிய மொழிகளில் பெயரை முன்னே எழுதித் தரவினத்தை ('இன்ட்' போன்ற வகையை) பின்னே வைக்கிறார்களே, இது வெறும் புதுமை மோகமா?
(வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி)

பதில்: இது பழைய வழக்கம். நிக்லாஸ் விர்த் 1970இல் வெளியிட்ட பாஸ்கலிலேயே பெயர், முக்காற்புள்ளி, தரவினம் என்ற வரிசை இருக்கிறது. 2009இல் வெளிவந்த கோ மொழியில் 'வார் அ, ஆ *இன்ட்' என்று எழுதினால் இரண்டுமே பாயின்டர்தான். இடமிருந்து வலமாக ஒரே ஓட்டத்தில் படித்துவிடலாம். நான் இந்தக் கட்சி.

சி மொழியின் சிக்கலை ரிட்சியும் மறைக்கவில்லை. 1993இல் அம்மொழியின் வரலாற்றை எழுதியபோது, நட்சத்திரம் பெயருக்கு முன்னால் வந்ததைத் தற்செயலான ஒன்றாகவே குறிப்பிட்டார். பின்னால் வைத்திருந்தால் பல அறிவிப்புகள் எளிதாகியிருக்கும் என்று கணினி அறிஞர் ரவி சேத்தி சுட்டிக்காட்டியதையும், அதற்குள் காலம் கடந்துவிட்டதையும் அதிலேயே பதிவுசெய்திருக்கிறார்.

கேள்வி: 'டைப்டெஃப்' பயன்படுத்துவது குறுக்கு வழியா?
(வாசகர், நெல்லிக்குப்பம்)

பதில்: இல்லை, தரவினத்துக்குப் புதுப்பெயர் சூட்டும் வசதிதான் அது; தாராளமாகப் பயன்படுத்துங்கள். சி மொழியோடு வரும் நிரல் நூலகத்தில் உள்ள 'சிக்னல்' செயற்கூறின் அறிவிப்பை அது இல்லாமல் படித்துப் பாருங்கள், அதன் அருமை தெரியும். ஆனால் பாயின்டரை அதற்குள் ஒளித்துவைக்காதீர்கள். 'கேர் *' (எழுத்தைச் சுட்டும் பாயின்டர்) என்பதற்கு ஒரு புதுப்பெயர் சூட்டி அதன் முன்னே, மாற்றக் கூடாது என்று சொல்லும் 'கான்ஸ்ட்' போட்டால், மாறாமல் நிற்பது பாயின்டர்தான்; அது சுட்டும் எழுத்தை யார் வேண்டுமானாலும் மாற்றலாம்.