முதியோர் இல்ல வேலைக்குப் 'பெற்ற தாயைப் போல் பார்த்துக்கொள்ளும்' மனம் மட்டும் போதுமா?

கேள்வி: முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பாளராகச் சேரவிருக்கிறேன். பயிற்சியில் கண்ணியம், தனியுரிமை, சுயவிருப்பம், பாதுகாப்பு என்று ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். வீட்டிலோ, "பெற்ற தாயைப் போல் பார்த்துக்கொள், இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்" என்கிறார்கள். எதைப் பின்பற்றுவது?

பதில்:

வீட்டில் இருப்பவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள். இருந்தாலும், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் பல ஆண்டுகளாகப் பராமரிப்பாளராக இருக்கும் எனக்கு அந்த அறிவுரையைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. பெற்ற தாயிடம் நம்மில் எத்தனை பேர் கேட்டுவிட்டுச் செய்கிறோம்? எந்த மருத்துவரிடம் போவது, எந்த அறையில் படுப்பது, மாதாந்திர உதவித்தொகை அட்டை யார் கையில் இருப்பது என்பதையெல்லாம் நாமே முடிவு செய்துவிட்டு, "உனக்காகத்தானே அம்மா" என்று முடித்துக்கொள்கிறோம். அந்த உரிமையை அன்பு நமக்குக் கொடுத்துவிட்டதாக நினைக்கிறோம். சம்பளத்துக்கு வேலை செய்யும் பராமரிப்பாளருக்கு அந்த உரிமை கிடையாது என்பதைத்தான் உங்கள் பட்டியல் சொல்கிறது.

எங்கள் இல்லத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் புரட்டாசி விரதம் மிகவும் ஊன்றிப்போனது. மற்ற பூசைகளை மறந்துவிட்ட வீடுகளில்கூட அந்த மாதத்தில் கறி, மீன் சமைப்பதில்லை. இல்லத்தில் வசிக்கும், எண்பது வயதைத் தாண்டிய பாட்டி (நாங்கள் ஆயா என்போம்) ஒருவர், இன்சுலின் போட்டுக்கொள்பவர், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மாலை பூசை முடியும்வரை சமைத்த உணவைத் தொடமாட்டேன் என்றார். வெளிநாட்டில் இருக்கும் மகள் தொலைபேசியில் அழைத்து, எப்படியாவது காலை உணவை ஊட்டிவிடுங்கள் என்றார். நிர்வாகமும் அப்படியே உத்தரவிட்டது. என்னுடன் பணிபுரிந்த சூலு இனப் பெண்மணிக்கு அந்த ஆயாவிடம் உயிர். கஞ்சிக் கிண்ணத்துடன் அருகில் அமர்ந்து, "இன்று வெள்ளிக்கிழமைதான் மா" என்று கொஞ்சிக் கொஞ்சிச் சொன்னார். ஆயா வாயை இறுக மூடிக்கொண்டு சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் கையால் காட்டினார்.

அன்பில் அங்கே ஒரு குறையும் இல்லை. ஆனால், தெளிந்த புத்தியுள்ள ஒரு பெண்மணியிடம் கிழமையை மாற்றிச் சொல்லி உணவூட்டப் பார்த்திருக்கிறோம். ஆயாவின் தேவைகளை எழுதிவைத்திருக்கும் பராமரிப்புத் திட்டத்தை எடுத்துப் பார்த்தேன். சமயம் என்ற இடத்தில் 'இந்து' என்று மட்டும் இருந்தது, மற்றபடி ஒரு வரிகூட இல்லை. பொறுப்பிலிருந்த சிஸ்டரிடம் காட்டினேன், அவர் மருத்துவரை வரவழைத்தார். மருத்துவர் வேறு யாரிடமும் பேசாமல் நேராக ஆயாவிடமே, சர்க்கரை குறைந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று கேட்டார். கை நடுங்கும், நெற்றி வியர்க்கும், நாக்கு குழறும் என்று ஆயா வரிசையாகச் சொன்னார். பாலும் பழமும் விரதத்துக்கு விரோதமில்லை என்பதையும் அவரே சொன்னார். அதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்டிருக்கவில்லை. சனிக்கிழமைக்கு மட்டும் இன்சுலின் அளவை மருத்துவர் மாற்றினார். காலையில் பாலும் பழமும், முற்பகலிலும் பிற்பகலிலும் விரலில் குத்திச் சர்க்கரை அளவு பார்ப்பது, அது லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் (இந்தியாவில் பார்க்கும் கணக்கில் சுமார் 72 மி.கி.) கீழே போனால் விரதத்தை நிறுத்திவிட்டு உடனே சர்க்கரை கலந்த நீர் கொடுப்பது என்று எழுதி, ஆயாவிடம் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். அவருடைய சம்மதத்தோடு மகளுக்கும் தெரிவித்தார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் இன்சுலின் அளவைத் தாங்களே மாற்ற வேண்டாம். அது மருத்துவர் செய்த வேலை, நான் செய்தது அல்ல. மறதி நோய் உள்ளவரிடம் எப்படிக் கேட்பீர்கள் என்று ஒருவர் பின்னூட்டத்தில் வருவார் என்பதும் தெரியும். ஒரு விஷயத்தில் முடிவெடுக்க முடியாதவர் எல்லா விஷயத்திலும் முடிவெடுக்க முடியாதவர் ஆகிவிடமாட்டார். அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் தர இயலாதவர்கூட இரண்டு சேலைகளைக் காட்டினால் ஒன்றைத் தொடுவார். அதையாவது கேளுங்கள்.

ஊட்டுவதிலும் இதே முறைதான். நின்றுகொண்டு ஊட்டாதீர்கள். அவர் கண்மட்டத்துக்கு அமர்ந்து, அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லி, ஒரு வாய் விழுங்கினதைப் பார்த்த பிறகே அடுத்ததைக் கொடுங்கள். சாப்பிட்டவுடன் படுக்கவைத்தால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகலாம் என்பதால், அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்கட்டும். குறிப்பேட்டில் 'குளிக்க மறுத்தார்' என்று எழுதுவது எதற்கும் உதவாது. 'ஏழு மணிக்குத் தண்ணீர் சில்லென்று இருப்பதாகச் சொல்லிக் குளிக்கவில்லை, மதியம் குளிப்பதாகச் சொன்னார்' என்று எழுதினால் மதியம் வருபவர் வெந்நீரோடு போவார்.

சட்டத்தில் இது எதுவும் புதிதல்ல. 1997ஆம் ஆண்டு அரசுச் சேவைகளுக்காக வெளியான 'பாத்தோ பேலே', அதாவது 'மக்களே முதலில்' என்னும் கொள்கையின் எட்டு நெறிகளில் முதலாவது, சேவை பெறுபவரைக் கலந்தாலோசிப்பது. 2006இல் இயற்றப்பட்டு 2010இல் நடைமுறைக்கு வந்த தென்னாப்பிரிக்க முதியோர் சட்டம், இல்லத்தில் வசிப்பவருக்குத் தன் விருப்பப்படி சமய நிகழ்வுகளில் பங்கேற்கவும், சொந்தப் பொருள்களை வைத்துக்கொள்ளவும், தனியுரிமையோடு வாழவும் உரிமை தருகிறது. இடம் மாற்றுவதானால் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். முதியவர் துன்புறுத்தப்படுவதாகச் சந்தேகம் வந்தால் அதைத் தெரிவிப்பது கடமை, மறைப்பது குற்றம். பணத்தைப் பறிப்பதும் அந்தச் சட்டத்தில் துன்புறுத்தல்தான். உதவித்தொகை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பிரியாணிப் பொட்டலத்தோடு வரும் மகன்கள் இதைப் படிப்பதில்லை. அந்தப் பிரியாணியால் இரவில் சர்க்கரை ஏறினால், மறுநாள் காலை எங்களைத்தான் கேள்வி கேட்கிறார்கள்.

நல்ல மனம் போதும் என்பவர்கள் லைஃப் எசிடிமேனி என்ற தனியார் மனநலப் பராமரிப்பு நிறுவனத்தின் விவகாரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும். கௌதெங் மாகாண சுகாதாரத் துறை அந்த நிறுவனத்துடனான ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு, 2016இல் மனநல நோயாளிகளை அவசர அவசரமாகத் தொண்டு நிறுவனங்களுக்கு மாற்றியது. 144 பேர் இறந்தார்கள். சுகாதார குறைகேள் அதிகாரி மலேகாபுரு மக்கோபா 2017 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கை, அந்த 27 தொண்டு நிறுவனங்களில் ஒன்றுக்கும் செல்லத்தக்க உரிமம் இல்லை என்றது. அவற்றை நடத்தியவர்கள் அனைவரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் நம்பவில்லை. இரக்கத்தோடு கதவைத் திறந்தவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். ஆனால் வந்தவர் யார், என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எதை விழுங்க முடியும் என்ற தாள்கள் கூட வராதபோது இரக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஒரு மாடி முழுவதற்கும் இரவில் ஒரே பராமரிப்பாளரை விட்டுவிட்டு இத்தனை நெறிகளையும் கேட்பது நியாயமா என்றால், நியாயமில்லை. நானும் அதைப் பலமுறை கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன், 'நிதி இல்லை' என்பதைத் தவிர வேறு பதில் கிடைத்ததில்லை. ஆகவே நேர்காணலில் நீங்களும் கூச்சப்படாமல் கேளுங்கள்: இரவுப் பணியில் எத்தனை பேர், பராமரிப்புத் திட்டத்தை எத்தனை நாளுக்கு ஒருமுறை திருத்துகிறீர்கள், திருத்தும்போது வசிப்பவரும் உடன் இருப்பாரா என்று. சேர்ந்த பிறகு குடும்பத்தார் யாராவது உங்களைத் தனியே அழைத்து, அம்மாவுக்கு இதைக் கொடு, அதைக் கொடுக்காதே என்றால், சரி என்றும் சொல்லாமல் முடியாது என்றும் சொல்லாமல் சிஸ்டரிடம் அழைத்துப் போங்கள். அவர்கள் சொன்னதை அன்றே குறிப்பேட்டில் எழுதிவிட்டு, அம்மாவிடமும் போய்க் கேளுங்கள்.