டெல்லித் தோட்டத்துக்கு ஆடிப்பட்டம் ஒத்துவருமா?

கேள்வி: சென்னையிலிருந்து டெல்லிக்குக் குடிவந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தரைத்தள வீட்டின் பின்புறம் 20 அடிக்கு 8 அடி மண் தரை இருக்கிறது. ஆடியில் விதைத்த தக்காளி, கொத்தமல்லி, காலிஃப்ளவர் எல்லாம் வீணாகிவிட்டன. போன குளிர்காலத்தில் கறிவேப்பிலைச் செடியும் மொட்டையாகிவிட்டது. இந்த முறை பாலித்தீன் தாள் போட்டுப் பசுமைக்குடில் கட்டலாம் என்கிறார் கணவர். மதிலோரம் பூச்செடி வைக்கவும் ஆசை. எதை எப்போது செய்வது?
– ஒரு வாசகி, மயூர் விஹார்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் செடிகளைக் கெடுத்தது, ஊரிலிருந்து நாம் எல்லோரும் கையோடு கொண்டுவரும் ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற பழமொழிதான். டெல்லியில் ஆடி மாதம் கொட்டும் மழையும் புழுக்கமும் கலந்த காலம். வெண்டை, பீர்க்கு, சுரை, தண்டுக்கீரை ஆகியவை அதைத் தாங்கும், கொத்தமல்லி தாங்காது. இங்கே வீட்டுத் தோட்டத்தின் ஆண்டு, செப்டம்பர் கடைசியில் பருவமழை விலகும்போது, அதாவது நம் புரட்டாசியில் தொடங்குகிறது. கொலுப்படிக்குக் கீழே பூங்கா அமைக்கக் கடுகு தூவும் அதே வாரத்தில் தோட்டத்து விதைகளையும் வெளியே எடுத்துவிடுங்கள்.

முதலில் மண்ணைக் கொத்தி ஒரு வாரம் காயவிட்டு, சதுர மீட்டருக்கு 4 அல்லது 5 கிலோ மக்கிய சாண எருவைக் கலந்து, அரையடி உயர்த்திப் பாத்தி கட்டுங்கள். டெல்லி மண் பெரும்பாலும் காரத்தன்மை உடையது. ஆகவே ஊர் வழக்கப்படி அடுப்புச் சாம்பலைப் போட வேண்டாம். இன்னொன்றையும் இப்போதே கவனியுங்கள். மார்கழியில் இங்கே நடுப்பகலில்கூடச் சூரியன் தெற்கே சாய்ந்து, ஏறத்தாழ 38 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். தெற்கில் அடுக்குமாடி இருந்தால், இன்று வெயில் விழும் இடம் அன்று நாள் முழுவதும் நிழலில் கிடக்கும்.

காலிஃப்ளவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதிகம் பேர் ஏமாறுவது அதில்தான். முன்பருவ வகைகள் 20 முதல் 27 டிகிரி வெப்பத்திலும், பின்பருவ ஸ்னோபால் வகைகள் 10 முதல் 16 டிகிரிக் குளிரிலும் பூ வைக்கும். ஸ்னோபாலை ஆடியில் விதைத்தால் இலை மட்டும் செழிக்கும். முன்பருவ வகையைத் தாமதமாக நட்டாலோ சட்டைப் பொத்தான் அளவில் பூ வைத்து நின்றுவிடும். எனவே நர்சரியில் நாற்று வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் வகையைக் கேளுங்கள். அக்டோபர் பிற்பாதியில் நடுவதற்குப் பூசா ஸ்னோபால் ஏற்றது. (பீகாரிலுள்ள பூசாவில் இயங்கிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1934 நிலநடுக்கத்தில் சிதைந்தபின் 1936இல் டெல்லிக்கு வந்தது, ஊரின் பெயரும் கூடவே வந்துவிட்டது.)

முள்ளங்கி, பாலக், வெந்தயக்கீரை ஆகியவற்றை அக்டோபர் தொடக்கத்தில் நேரடியாக விதைக்கலாம். கொத்தமல்லி விதையைச் செருப்பால் தேய்த்தோ பூரிக்கட்டையால் உருட்டியோ இரண்டாக உடைத்தபின் தூவுங்கள். சிவப்புக் கேரட்டுக்குச் செப்டம்பரே கடைசி; ஆரஞ்சு நிறக் கேரட்டும் பட்டாணியும் அக்டோபர் நடுப்பகுதிவரை பொறுக்கட்டும்.

உங்கள் கணவரின் யோசனை நல்லதுதான், ஆனால் இந்த இடத்துக்கு ஆள் நுழையும் குடில் தேவையில்லை என்பது என் கருத்து. மூங்கில் பட்டைகளை வில்லாக வளைத்து, அவற்றின்மேல் தாளைப் போர்த்தி, இரண்டடி உயரத்தில் ஒரு சுரங்கம் அமைத்தால் போதும். நவம்பர் கடைசியில் தக்காளியையும் ஜனவரியில் சுரை, வெள்ளரியையும் சிறு பைகளில் அதற்குள் முளைக்க வைத்தால், குளிர் விலகும் பிப்ரவரியில் நடுவதற்கு நாற்று தயாராக இருக்கும். காலையில் தாளின் உட்புறம் நீர் முத்து முத்தாகக் கோத்து நிற்பதைப் பார்ப்பீர்கள். அது நாற்றின்மேல் சொட்டிக்கொண்டே இருந்தால் தண்டு அடியில் கருத்துச் சாயும் நாற்றழுகல் வரும். ஆகவே பனிமூட்டம் விலகியதும் இரு முனைகளையும் திறந்துவிட்டு, மாலை நான்கு மணிக்கு மூடுங்கள். ஏப்ரலில் தாளைக் கழற்றிவிட்டு அதே வில்களின்மேல் பச்சை நிழல்வலையைக் கட்டினால், மே மாத வெயிலில் கீரையாவது பிழைக்கும்.

மதிலோரம் பின்வரிசையில் உயரமான ஹாலிஹாக், நடுவில் துலுக்கச் சாமந்தி, முன்னால் பெட்டூனியாவும் பான்சியும் வையுங்கள். நவம்பர் தொடக்கத்தில் நாற்று நட்டால் பிப்ரவரி, மார்ச்சில் பூத்து நிறையும். ரோஜா இருந்தால் அக்டோபர் இரண்டாம் வாரத்தில் கவாத்து செய்யுங்கள். ஆறேழு வாரங்களில் பூக்கும். மல்லிகையைக் குளிர்காலத்தில் எதிர்பார்க்க வேண்டாம்; ஜனவரியில் வெட்டிவிட்டால் ஏப்ரலில் பூக்கத் தொடங்கும். மேகமூட்டமான ஜனவரி நாட்களில் கோஸ் இலைகளின் அடியில் அசுவினிப் பூச்சி மொய்க்கும். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து தெளித்தால் அடங்கும்.

கறிவேப்பிலை மொட்டையானது நோயால் அன்று. டெல்லிக் குளிரில் அது இலையை உதிர்த்துவிட்டு உறங்குவது வழக்கம். செடி வாடுகிறதே என்று அப்போது தண்ணீரை அள்ளி ஊற்றினால் வேர் அழுகிவிடும்; மேல்மண் நன்றாகக் காய்ந்தபின் ஊற்றினால் போதும், உரமும் வேண்டாம். சந்தேகம் வந்தால் தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். பட்டைக்கு அடியில் பச்சை தெரிந்தால் செடிக்கு உயிர் இருக்கிறது. பங்குனியில் துளிர்க்கும்வரை அதைப் பிடுங்க மாலியை (தோட்டக்காரரை) அனுமதிக்காதீர்கள்.