எவரெஸ்ட்டுக்கு முன்பணம் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

1996 மே மாதம் எவரெஸ்ட்டில் நிகழ்ந்த மரணங்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். எனக்கு வயது 36, மென்பொருள் துறையில் வேலை. பல ஆண்டுகளாக மாரத்தான் ஓடுகிறேன். ஆண்டு தவறாமல் வெள்ளியங்கிரி ஏறுகிறேன். எவரெஸ்ட் அடிவார முகாம் வரை ஒருமுறை நடந்து போயிருக்கிறேன். தலைவலியைத் தவிர வேறு தொல்லை எதுவும் இல்லை. அடுத்த ஆண்டே உச்சிக்குப் போக நினைக்கிறேன். காத்மாண்டுவில் உள்ள ஒரு நிறுவனம், முன் அனுபவம் தேவையில்லை, எல்லாவற்றையும் அங்குள்ள மலைவாழ் வழிகாட்டிகளான ஷெர்பாக்கள் பார்த்துக்கொள்வார்கள் என்கிறது. ஊரில் இருக்கும் மனையை விற்று முன்பணம் கட்டப் போகிறேன். வீட்டில் மனைவிக்குச் சம்மதமில்லை. உயிர் என்னுடையது, ஆபத்தும் என்னுடையது. இதில் மற்றவர்கள் கவலைப்பட என்ன இருக்கிறது?

எஸ்.,
கோயம்புத்தூர்

அன்புள்ள எஸ்.,

உங்கள் ஆசையை நான் மதிக்கிறேன். மலையேறுவதில் என்ன இருக்கிறது என்று கேட்பவன் அல்ல நான். ஆனால் நேரடியாகக் கேட்டிருக்கிறீர்கள் என்பதால் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்: அடுத்த ஆண்டு போகாதீர்கள், இந்த நிறுவனத்தோடு எந்த ஆண்டும் போகாதீர்கள்.

உடல் வலிமையைப் பற்றி முதலில் பேசுவோம், ஏனெனில் உங்கள் நம்பிக்கை முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. 8,848 மீட்டர் உயரமுள்ள அந்த உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். அது உடலை என்ன செய்யும் என்பதை அறிய, 2007-இல் பிரிட்டனைச் சேர்ந்த மருத்துவர் குழு ஒன்று தாங்களே எவரெஸ்ட் ஏறினார்கள். உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கும் வழியில், 8,400 மீட்டர் உயரத்தில், ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றி இருபது நிமிடம் வெறும் காற்றைச் சுவாசித்தபின், அந்தக் கடுங்குளிரில் ஆடைகளைத் தளர்த்தித் தொடைத் தமனியிலிருந்து ரத்தம் எடுத்துக்கொண்டார்கள். அந்த ஊசிக்குழல்களைப் பனிக்கட்டியில் பொதிந்து, 6,400 மீட்டரில் இருந்த சோதனைக் கூடாரத்துக்கு ஷெர்பாக்கள் இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டு சேர்த்தார்கள். நால்வரின் ரத்தத்தில் இருந்த ஆக்சிஜன் அழுத்தத்தின் சராசரி 24.6 மில்லிமீட்டர் பாதரசம், ஒருவருக்கு 19.1 மட்டுமே. கோவையில் உட்கார்ந்து இதைப் படிக்கும் உங்களுக்கு அது 90-க்கு மேல் இருக்கும். 20-ஐ ஒட்டிய அளவோடு ஒருவர் இங்கே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தால் மருத்துவர்கள் பதறிப்போவார்கள். அந்த மருத்துவர்கள் நின்றார்கள், நடந்தார்கள், பேசினார்கள் என்றால், பல வாரங்கள் மேலும் கீழுமாக ஏறி இறங்கி உடலைப் பழக்கியிருந்ததே காரணம். பழகாத ஒருவரைக் கடல்மட்டத்திலிருந்து தூக்கிக்கொண்டுபோய் அந்த உச்சியில் வைத்தால் சில நிமிடங்களில் நினைவிழப்பார், அவர் எவ்வளவு பெரிய ஓட்டக்காரராக இருந்தாலும்.

மாரத்தான் ஓடியவர்களுக்கு உயர நோய் வராது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. சொல்லப்போனால், மூச்சும் காலும் ஒத்துழைப்பதால் அவர்கள் உடல் பழகும் வேகத்தை மிஞ்சி ஏறிவிடுகிறார்கள். 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் தங்க வேண்டும் என்ற விதி எல்லோருக்குமானது. அடிவார முகாம் 5,364 மீட்டரில் இருக்கிறது. அங்கே உங்களுக்கு வந்த தலைவலியை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். உயர நோயின் முதல் அடையாளமே அந்தத் தலைவலிதான். அதையும் பொருட்படுத்தாமல் மேலே போகிறவர்களில் சிலருக்கு நுரையீரலில் நீர் கோக்கிறது. ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கும், இருமலில் நுரை வரும். வேறு சிலருக்கு மூளை வீங்குகிறது. ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரலோடு ஒட்டி வைத்து, நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லிப் பார்ப்பது மலையில் உள்ள பழைய சோதனை. அதில் தள்ளாடுகிறவரை நள்ளிரவானாலும் உடனே கீழே இறக்க வேண்டும். துயரம் என்னவென்றால், தள்ளாடுகிறவரே தனக்கு ஒன்றுமில்லை என்று சாதிப்பார். நோய் பிடித்திருப்பது அவருடைய முடிவெடுக்கும் உறுப்பையே.

என் கட்டுரையின் மையமாக நான் நினைத்ததும் இதுதான். 1996 மே 10 அன்று வழிகாட்டி ராப் ஹால் தன் குழுவுக்குப் பிற்பகல் இரண்டு மணியைத் திரும்பும் நேரமாக வைத்திருந்தார். அவர் அதற்கு முன் நான்கு முறை அந்த உச்சியில் நின்றவர். அவரோடு வந்த டக் ஹான்சன் அஞ்சல் துறை ஊழியர்; கூடுதல் வேலை பார்த்துப் பணம் சேர்த்தவர்; முந்தைய ஆண்டு உச்சிக்கு மிக அருகிலிருந்து ஹாலாலேயே திருப்பி அனுப்பப்பட்டவர். இம்முறை அவர் உச்சியைத் தொட்டபோது மணி நான்கைக் கடந்திருந்தது. ஹால் அவருக்காகக் காத்திருந்தார். புயல் வந்தது, இருவரும் திரும்பவில்லை. அந்த மலையை அத்தனை நன்றாக அறிந்த ஒருவரே தானே வகுத்த நேரத்தை மீறிவிட்டார் என்றால், முதன்முறையாகப் போகும் ஒருவர், அதுவும் மனையை விற்றுக் கட்டிய பணத்தின் நினைவோடு போகிறவர், உச்சி கண்ணுக்குத் தெரியும் தூரத்திலிருந்து திரும்பிவிடுவார் என்று எதை வைத்து நம்புவது? 8,000 மீட்டருக்கு மேல் இறந்தவர்களில் பெரும்பாலோர் இறங்கும்போதுதான் இறந்திருக்கிறார்கள்.

2012 மே 19 அன்று அப்படித்தான் கனடாவில் வாழ்ந்த ஷ்ரியா ஷா-குளோர்ஃபைன் இறந்தார். காத்மாண்டுவில் பிறந்தவர், வயது 33, உயரமலை அனுபவம் மிகக் குறைவு. கூட்ட நெரிசலில் வெகுநேரம் காத்திருந்து, பிற்பகலில் உச்சியை அடைந்து, இறங்கும் வழியில் சோர்ந்து உயிரிழந்தார். திரும்பிவிடலாம் என்று ஷெர்பாக்கள் வற்புறுத்தியதாகப் பின்னர் செய்திகள் வந்தன. அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருடைய ஆசையும் உங்களுடையதைப் போல உண்மையானதாகவே இருந்திருக்கும்.

நெரிசல் என்றேன். 2019 மே 22 அன்று உச்சிக்குக் கீழே நூற்றுக்கணக்கானோர் ஒரே கயிற்றில் வரிசையாக நிற்கும் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தக் கயிறு இடையிடையே பனியிலும் பாறையிலும் அறையப்பட்ட நங்கூரங்களில் முடிச்சிடப்பட்டிருக்கும். ஒவ்வொரு முடிச்சிலும், இடுப்பு வாரோடு பிணைத்த இரண்டு கொக்கிகளில் ஒன்றைக் கழற்றி முடிச்சுக்கு அப்பால் மாட்டிய பிறகே மற்றதைக் கழற்ற வேண்டும். இருட்டில், தடித்த கையுறையோடு, பழகிய கை இதைச் சில நொடிகளில் முடிக்கும். பழகாத கை தடுமாறும், சிலர் கையுறையைக் கழற்றி விரல்களைப் பனிக்கடிக்குப் பறிகொடுப்பார்கள். அவருக்குப் பின்னால் நிற்கும் அத்தனை பேரும் காத்திருப்பார்கள். எல்லோருடைய உருளையிலும் ஆக்சிஜன் குறைந்துகொண்டே இருக்கும். நான்கு லிட்டர் உருளை ஒன்றை 300 பார் (வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 300 மடங்கு) அழுத்தத்தில் நிரப்பினால் ஏறத்தாழ 1,200 லிட்டர் வாயு கிடைக்கும். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் வீதம் அது பத்து மணி நேரம் வரும், நான்கு லிட்டர் வீதம் ஐந்து மணி நேரம்தான். கடைசி முகாமிலிருந்து உச்சிக்குப் போய்த் திரும்ப வழக்கமாக 12 மணி நேரத்துக்கும் மேலாகிறது. இந்தக் கணக்கை நீங்களே உங்கள் தலைக்குள் போட்டுப் பார்க்கத் தெரியாமல் அங்கே போகக் கூடாது.

ஆபத்து என்னுடையது என்கிறீர்கள். 2023 மே மாதம் கெல்ஜே ஷெர்பா என்ற வழிகாட்டி, சீனாவிலிருந்து வந்த ஒருவரை உச்சிக்கு அழைத்துச் செல்லும்போது, பால்கனி எனப்படும் இடத்துக்கு அருகில் மலேசியர் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி குளிரில் நடுங்கிக்கொண்டிருப்பதைக் கண்டார். தன்னோடு வந்தவரைச் சமாதானப்படுத்தி உச்சிப் பயணத்தைக் கைவிட்டு, அந்த மனிதரை உறங்கும் பாயில் சுற்றி, சில இடங்களில் முதுகில் சுமந்தும் சில இடங்களில் பனியில் இழுத்தும், ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தை ஆறு மணி நேரத்தில் இறக்கினார். பிறகு மூன்றாம் முகாமிலிருந்து ஹெலிகாப்டர் அவரை எடுத்துச் சென்றது. காப்பாற்றப்பட்டவர் ஆயத்தமற்றவர் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே ஒருவர் விழுந்தால் அந்தப் பாரம் யார் முதுகில் ஏறுகிறது என்பதைத்தான் சொல்ல வந்தேன். நாம் மேலே போகும் முன்பே நமக்கான உருளைகளையும் கூடாரத்தையும் சுமந்து, அடிவார முகாமுக்கு மேலே பிளவுகளும் சரியும் பனிப்பாளங்களும் நிறைந்த கும்பு பனியருவியைத் திரும்பத் திரும்பக் கடப்பவர்களும் ஷெர்பாக்கள்தான். 2014 ஏப்ரல் 18 அன்று அங்கே சரிந்த பனியில் 16 நேபாளத் தொழிலாளர்கள் இறந்தார்கள். எல்லாவற்றையும் ஷெர்பாக்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு நிறுவனம் எழுதும்போது, அதன் பொருள் இவ்வளவையும் உள்ளடக்கியது.

பயிற்சி பெற்றால் ஆபத்து நீங்கிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகண்டில் திரௌபதி கா டாண்டா மலையில் பனிச்சரிவில் சிக்கி, உத்தரகாசியின் நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தைச் சேர்ந்த 25-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு மே மாதத்தில் எவரெஸ்ட்டையும் மகாலுவையும் ஏறியிருந்த பயிற்சியாளர் சவிதா கன்ஸ்வாலும் அவர்களில் ஒருவர். மலை கொண்டுவரும் ஆபத்து அது. அதற்குமேல் நாமாகக் கொண்டுபோகும் ஆபத்தைக் குறைப்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

அதற்கு வழி இருக்கிறது. உத்தரகாசியிலோ டார்ஜிலிங்கின் இமயமலை மலையேற்றப் பயிற்சி நிறுவனத்திலோ அடிப்படைப் பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள். வயது வரம்பு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். ஏறத்தாழ நான்கு வாரங்கள். அதில் ‘ஏ’ தரம் பெற்றால்தான் மேற்பயிற்சிக்கு எடுப்பார்கள். அந்தத் தரமே உங்களைப் பற்றி உங்களுக்கு ஒரு செய்தி சொல்லும். பிறகு லடாக்கிலோ நேபாளத்திலோ 6,000 மீட்டர் சிகரம் ஒன்று, அதன்பின் கர்வாலில் 7,075 மீட்டர் உயரமுள்ள சதோபந்த் போன்ற ஒன்று. இவற்றில் ஒன்றிலாவது உச்சிக்குச் சற்றுக் கீழிருந்து திரும்ப நேர்ந்தால், அதை நழுவிய வாய்ப்பாக எண்ணி வருந்த வேண்டாம். உங்களிடம் இப்போது இல்லாத அனுபவம் அதுவே. இதற்கெல்லாம் சில ஆண்டுகள் ஆகும். மனையை விற்க வேண்டிய அவசியமும் அதுவரை வராது. உங்கள் மனைவியிடமும் இந்தத் திட்டத்தைக் காட்டிப் பேசுங்கள். அவருடைய அச்சத்தில் நியாயம் இருக்கிறது.

அந்த நாள் வரும்போது எந்த நிறுவனத்திடமும் இவற்றைக் கேளுங்கள்: இதற்குமுன் எந்தச் சிகரம் ஏறியிருக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள்? ஒருவருக்கு எத்தனை ஷெர்பாக்கள், எத்தனை உருளைகள், அவற்றில் இறங்குவதற்கென்று ஒதுக்கியவை எத்தனை? திரும்பும் நேரம் என்ன, நான் மறுத்தாலும் என்னைத் திருப்பி அழைத்துவரும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது? ஷெர்பாக்களுக்குக் காப்பீடு எவ்வளவு? எழுத்தில் பதில் வந்த பிறகே முன்பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.

அன்புடன்