எத்தன வருஷம் இருப்பீங்க கோச்? (கடிதமும் பதிலும்)

அண்ணா வணக்கம்,

நாலு வருஷமா அலபாமால ஹன்ட்ஸ்வில்ல இருக்கேன். போன சனிக்கிழமை டஸ்கலூசா ஸ்டேடியத்துல மைதானத்துக்கு அலபாமா யுனிவர்சிட்டி ஃபுட்பால் டீமோட பழைய கோச் நிக் சேபன் பேர வச்சாங்க, ஆபீஸ் பூரா அதே பேச்சு. இந்த வருஷம் (2024) ஜனவரில அவரு ரிட்டயர் ஆனப்ப எங்க டீம்ல அம்பது வயசு மனுஷன் ஒருத்தரு பார்க்கிங்ல கார்ல உக்காந்து அழுதாரு, மறுநாள் லீவு வேற. எனக்கு சிரிப்ப அடக்க முடியல. காலேஜ் பசங்க டீமோட கோச், 72 வயசு, வேலைய விடுறாரு, இதுல அழ என்ன இருக்கு? இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் இல்லையா? பசங்களுக்கு காசு வர ஆரம்பிச்சது பிடிக்காமதான் ஓடிட்டாருன்னு சொல்றாங்களே, அது உண்மையா? அப்புறம் ஒரு விஷயம், என் பையன் எட்டாவது படிக்கிறான், அடுத்த வருஷம் ஹைஸ்கூல் டீம்ல சேந்தே ஆகணும்னு நிக்கிறான். சேக்கலாமாண்ணா?

எஸ்.

*

தம்பி எஸ்.,

வழக்கமா இந்த மாதிரி லெட்டருக்கு ரெண்டு வரில பதில் போட்டுட்டு போயிடுவேன். ஆனா அந்தப் பேர் வைக்கிற ஃபங்ஷன நானும் டிவில பாத்தேன், பாத்ததுல இருந்து ஒரு பழைய விஷயம் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு, அந்த நேரம் பாத்து உங்க லெட்டர் வருது.

மொதல்ல ஒண்ணு. அந்த மனுஷன் கார்ல உக்காந்து அழுதாருன்னு சிரிச்சீங்க பாருங்க, அது தப்பு தம்பி. நாலு வருஷமா அந்த ஊர் சோறத் திங்கிறீங்க, எதுக்கு அழுறாருன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? அலபாமால என்எஃப்எல் (புரொஃபஷனல் ஃபுட்பால்) டீம் கிடையாது, என்பிஏ (புரொஃபஷனல் பாஸ்கெட்பால்) கிடையாது, பெரிய லெவல் பேஸ்பால் கிடையாது. டஸ்கலூசாவோட மொத்த ஜனத்தொகையே ஏறக்குறைய ஒரு லட்சம், அந்த ஸ்டேடியத்துல உக்கார்றதும் ஒரு லட்சம். (மத்த வாசகர்களுக்கு: இது நம்ம கால்பந்து இல்லைங்க, ஹெல்மெட் போட்டுக்கிட்டு முட்டை வடிவ பந்தக் கையில இடுக்கிட்டு ஓடுற அமெரிக்கன் ஃபுட்பால்.) உங்க ஆபீஸ்காரரோட சின்ன வயசுல இன்னொரு கோச் இருந்தாரு, பேர் பிரையன்ட். 323 மேட்ச் ஜெயிச்சவரு. 1982 டிசம்பர் 15ஆம் தேதி விலகுறேன்னு அறிவிச்சாரு, 29ஆம் தேதி கடைசி மேட்ச், அதையும் ஜெயிச்சாரு. அதுக்கப்புறம் சரியா 28 நாள். ஜனவரி 26ஆம் தேதி ஹார்ட் அட்டாக்ல போயிட்டாரு. எங்க வீட்டு ஓனர் கிழவர் சொல்வாரு, டஸ்கலூசால இருந்து பர்மிங்ஹாம் வரைக்கும் உடம்பக் கொண்டுபோன அன்னிக்கு ஹைவேல லாரியெல்லாம் ஓரங்கட்டி நின்னுச்சாம், மேம்பாலத்துல எல்லாம் ஜனம், அவரும் ஒரு பாலத்து மேல குளிர்ல தொப்பியக் கழட்டி கையில வச்சுக்கிட்டு நின்னாராம். அம்பது வயசு ஆளுன்னா உங்க ஆபீஸ்காரரு அப்ப எட்டு ஒம்பது வயசு பையன். ஒரு கோச் வேலைய விடுறாருன்னா அந்தப் பக்கத்து ஜனத்துக்கு எது ஞாபகம் வரும்னு இப்பப் புரியுதா? நாளைக்குப் போய் அவருக்கு ஒரு காபி வாங்கிக் குடுங்க.

ஆமா, நானும் டஸ்கலூசால இருந்தேன், 2006ல இருந்து 2010 வரைக்கும். பக்கத்துல வான்ஸ்ல மெர்சிடிஸ் ஃபேக்டரி இருக்குல்ல, அதுக்கு பார்ட்ஸ் சப்ளை பண்ற ஒரு கம்பெனில சாஃப்ட்வேர் வேலை. நான் போய் இறங்கின கொஞ்ச நாள்ல பழைய கோச்சத் தூக்கிட்டாங்க, ஊரே சேபன் வருவாரா மாட்டாரான்னு கிடந்துச்சு. அவரு அப்ப மயாமி டால்ஃபின்ஸ்ல, புரொஃபஷனல் டீம். கேட்டுக் கேட்டு நச்சரிச்சதுல டிசம்பர் 21ஆம் தேதி பிரஸ் முன்னாடி எரிச்சலோட நான் அலபாமா கோச் ஆகப் போறதில்லன்னு தெளிவா சொல்லிட்டாரு. 13 நாள் கழிச்சு, 2007 ஜனவரி 3ஆம் தேதி, டஸ்கலூசா ஏர்போர்ட்ல வந்து இறங்குறாரு. எங்க ஆபீஸ்ல பாதி பேர் அங்கதான் நின்னாங்க. யாரும் அத பொய்யுனு சொல்லல. நம்மகிட்ட வர்றதுக்காகச் சொன்ன பொய் பொய்யில்லையே.

அந்த ஏப்ரல்ல டீம் ரெண்டாப் பிரிஞ்சு தங்களுக்குள்ளயே ஆடுற வெறும் பிராக்டிஸ் மேட்ச் ஒண்ணு நடந்துச்சு, அதப் பாக்க 92,138 பேர். நானும் அதுல ஒருத்தன், ரூல் ஒண்ணும் புரியல, பக்கத்துல எந்திரிச்சா நானும் எந்திரிச்சேன். அந்த நவம்பர்லயே லூசியானா மன்றோன்னு ஒரு சின்ன காலேஜ்ட்ட சொந்த கிரவுண்டுல 21-14னு தோத்தாங்க. திங்கக்கிழமை ஆபீஸ் எழவு வீடு மாதிரி இருந்துச்சு. அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும், அலபாமாவுக்கு மட்டும் ஆறு சாம்பியன்ஷிப்.

இப்ப காசு விஷயம். பிடிக்காம ஓடிட்டாரான்னு கேட்டீங்க. காசும் ஒரு காரணம்தான், விடுங்க. 2021 ஜூலைல இருந்து பசங்க தங்களோட பேர வச்சு விளம்பரம் அது இதுன்னு சம்பாதிக்கலாம்னு ஆச்சு, அதே வருஷம் ஒரு தடவை காலேஜ் மாறினா முன்ன மாதிரி ஒரு வருஷம் ஆடாம உக்கார வேண்டாம்னும் ஆச்சு. இந்த வருஷம் மார்ச்சுல சேபன் வாஷிங்டன் போய், அம்பது வருஷமா நான் நம்பினது எதுவும் இப்ப இல்லைங்கிற மாதிரி பேசினாரு. அதக் கேட்டப்ப எனக்குக் கொஞ்சம் கோவமே வந்துச்சு. கோச், நீங்க டொலிடோ காலேஜ்ல ஒரே வருஷம் இருந்தீங்க, மிச்சிகன் ஸ்டேட் டீம சீசன் கடைசில வர்ற பவுல் மேட்ச் ஆடுறதுக்கு முன்னாடியே அம்போன்னு விட்டுட்டு எல்எஸ்யு (லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டி) போனீங்க, அங்க இருந்து மயாமி, மயாமில ரெண்டே வருஷம், கடைசில வருஷத்துக்கு 11 மில்லியன் டாலருக்கு மேல வாங்கினீங்க, நீங்க மாறினப்ப எல்லாம் அடுத்த நாளே விசில எடுத்துக்கிட்டு கிரவுண்டுல எறங்கலாம், ஆனா உங்கள நம்பி வந்த பையன் மாறினா மட்டும் ஒரு வருஷம் பெஞ்சுல உக்காரணுமா? பத்தொம்பது வயசுப் பையன்ட்ட விசுவாசத்தப் பத்தி பேச உங்களுக்கு என்ன யோக்கியதை? அவரு போனதும் அந்த டீம்ல பிரமாதமா ஆடிட்டு இருந்த கேலப் டவுன்ஸ் ஒஹாயோ ஸ்டேட்டுக்குப் போனான், அவன என்னென்ன திட்டினாங்க தெரியுமா, துரோகியாம்! சேர்த்த ஆளே வீட்டுக்குப் போயாச்சு, வந்தவன் மட்டும் காவல் காக்கணுமாம்.

சரி, இது எல்லாரும் பேசுறதுதான். என் மண்டைல ஓடிட்டு இருக்கிறது வேற.

ஏன் விலகினீங்கன்னு கேட்டப்ப அவரு சொன்னதுல ஒரு காரணத்த ஒருத்தரும் கண்டுக்கல. வயசாயிடுச்சு, வர்ற பசங்களும் வேலைக்கு வர்ற அசிஸ்டன்ட் கோச்சுகளும் இன்னும் எத்தன வருஷம் இருப்பீங்கன்னு கேக்குறாங்க, அதுக்கு நேர்மையா பதில் சொல்றது வர வர கஷ்டமா இருக்குங்கிற மாதிரி சொன்னாரு. இந்தத் தொழில் எப்படி நடக்குதுன்னு பாருங்க. பதினேழு வயசுப் பையன் வீட்டுக்கு கோச் நேர்ல போகணும். சோபால உக்காந்து அந்த அம்மா போட்ட சாப்பாட்டச் சாப்பிட்டுட்டு, உங்க பையன நான் பாத்துக்குறேம்மான்னு சொல்லணும். கோச்சுக்கு விக்கிறதுக்கு வேற சரக்கே கிடையாது, அந்த ஒரு வாக்குதான். எதிர் டீம்காரன் அடுத்த நாள் அதே சோபால உக்காந்து அவருக்கு 72 ஆச்சே, உங்க பையன் மூணாவது வருஷம் வர்றப்ப இருப்பாரான்னு கொளுத்திப் போட்டுட்டுப் போவான். இருப்பேன்னு சும்மா சொல்லிட்டுப் போயிருக்கலாம். எத்தன பேர் சொல்லல? இவரே 2006ல சொன்னாரே!

அவங்க அப்பா வெஸ்ட் வர்ஜீனியால பெட்ரோல் பங்க் வச்சிருந்தவரு. சின்னப் பையனா அங்க கார் கழுவுவாரு, தொடச்சதுல ஒரு கோடு தெரிஞ்சாலும் அப்பா முழுக் காரையும் மறுபடி கழுவச் சொல்வாராம், அதனாலயே கறுப்பு காரும் அடர்நீல காரும் வந்தா வெறுப்பா இருக்கும்னு அவரே சொல்லியிருக்காரு. எனக்கு என்ன தோணுதுன்னா, 2006 டிசம்பர்ல விழுந்த கோட்ட அந்த மனுஷன் 17 வருஷம் பாத்துக்கிட்டே இருந்திருக்காரு. ஜனவரி 10ஆம் தேதி மத்தியானம் வரைக்கும் புது அசிஸ்டன்ட் கோச் வேலைக்கு ஆளுங்கள இன்டர்வியூ பண்ணிட்டு இருந்தாராம், சாயங்காலம் நாலு மணிக்கு டீமக் கூப்பிட்டு கொஞ்ச நேரத்துல சொல்லி முடிச்சுட்டாரு. நடுவுல அந்தக் கேள்விய யாராவது கேட்டிருப்பாங்கன்னு நான் நெனச்சுக்கிறேன். என் கற்பனைதான், இருக்கட்டும்.

இதையே ஏன் புடிச்சுத் தொங்குறேன்னு கேப்பீங்க. சொல்றேன்.

2010, மே மாசம்னு ஞாபகம். எங்க டீம்ல ரெண்டு பசங்க, ஒருத்தன் மதுரைப் பக்கம், ஒருத்தன் தெலுங்குப் பையன். மதுரைக்காரன் என்னை நம்பித்தான் வேற கம்பெனி ஆஃபர விட்டுட்டு இங்க வந்தவன். ஆபீஸ் பிரேக் ரூம்ல வெண்டிங் மெஷின்ல லிட்டில் டெபி ஓட்மீல் கிரீம் பைன்னு ஒண்ணு விப்பாங்க, மெத்துன்னு ரெண்டு பிரவுன் பிஸ்கட், நடுவுல வெள்ளை கிரீம், கடிச்சா பல்லுல அப்பிக்கும். சேபன் தினம் காலைல அதுல ரெண்டு சாப்பிடுவாருங்கிறது ஊர் அறிஞ்ச விஷயம், அதனாலயே நாங்களும் சாப்பிடுவோம். அன்னிக்கு நான் ஒண்ணப் பிரிச்சு வாய்ல வச்சுட்டு இருக்கேன், இவன் பக்கத்துல வந்து மெதுவா கேக்குறான்: "அண்ணா, ஒரு வீடு பாத்திருக்கேன், 30 வருஷ லோன். நீங்க எப்படியும் இங்கதான இருப்பீங்க?"

எனக்கு டெட்ராய்ட் ஆஃபர் வந்து நாலு நாள் ஆயிருந்துச்சு. கையெழுத்தும் போட்டு அனுப்பிட்டேன்.

வாய் நிறைய பிஸ்கட். தலைய ஆட்டினேன். நம்ம தலையாட்டல்தான், தெரியும்ல, ஆமான்னும் எடுத்துக்கலாம் இல்லன்னும் எடுத்துக்கலாம், ஆபீஸ்ல வெள்ளக்காரங்க குழம்பிப் போய் நிப்பாங்களே அது. அவன் தமிழ்ப் பையன், ஆமான்னு எடுத்துக்கிட்டான். தேங்க்ஸ்ணான்னு சொல்லிட்டுப் போனான். மூணு வாரம் கழிச்சு நான் ராஜினாமா மெயில் போட்டப்ப அவன் வீட்டு சாவி வாங்கி நாலு நாள். நான் கிளம்பினதும் அந்த பிராஜெக்ட மூடிட்டாங்க. அவன் ஒரு வார்த்தை திட்டல, அதுதான் கஷ்டம். கடைசி நாள் என் பெட்டியெல்லாம் கார்ல தூக்கி வச்சது அவன்தான். அதுக்கப்புறம் பேசல, நானும் பேசல, யாரு மொதல்ல நிறுத்தினதுன்னு கேட்டா நான்தான்.

நான் விலகினது தப்புன்னு இன்னிக்கும் நெனைக்கல. கல்யாணம் ஆகி ரெண்டாவது குழந்தை வரப் போகுது, சம்பளம் அதிகம், போகத்தான் செய்வேன், எவனும் போவான். அந்த ஒரு நிமிஷம்தான் தம்பி. பிஸ்கட்ட முழுங்கிட்டு, டேய் நான் போறேன்டா, நீ வீட்ட இப்ப வாங்காதன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? கம்பெனில தெரிஞ்சுடும், ரகசியமா வச்சுக்கணும், பேப்பர் வரட்டும்னு என்னென்னமோ எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். சேபனும் டிசம்பர்ல அப்படித்தான் சொல்லிக்கிட்டிருப்பாரு. ஆனா அவரு 72 வயசுல, உலகத்துலயே அந்தத் தொழில்ல பெரிய நாற்காலில உக்காந்துக்கிட்டு, இன்னும் அஞ்சு வருஷம் தலையாட்டிட்டே இருந்திருக்கலாம்ங்கிறப்ப எந்திரிச்சுட்டாரு. அந்த ஜனவரி ஒண்ணாம் தேதிதான் மிச்சிகன்ட்ட ஓவர்டைம்ல 27-20னு தோத்திருந்தாங்க, நான் மிச்சிகன்ல உக்காந்து பாத்தேன், தெருவே கத்துது, நான் மட்டும் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருந்தேன், என் பொண்ணு என்னப்பா ஆச்சுன்னு கேட்டா. ஒம்பது நாள் கழிச்சு விலகின நியூஸ் வந்தப்ப உங்க ஆபீஸ்காரர் மாதிரியே நானும் கார்லதான் இருந்தேன். இதுக்கு மேல சொல்ல மாட்டேன், சிரிப்பீங்க.

கொஞ்ச நாள் முன்னாடி எல்எஸ்யுகாரர் ஒருத்தர்ட்ட இதெல்லாம் பேசினப்ப, அவன் உத்தமன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாதன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. மிச்சிகன் ஸ்டேட்காரங்க சிலர் இன்னும் பேரச் சொன்னாலே மூஞ்சியச் சுளிக்கிறாங்க. நியாயம்தான். உத்தமன்னு நான் எங்க சொன்னேன்.

பையன் விஷயம் மறந்தே போயிட்டேன் பாருங்க. அடிபடுமா, மண்டைல இடிச்சுக்குவானா, இதெல்லாம் டாக்டர்ட்ட கேளுங்க, எனக்குத் தெரியாது. ஆசையிருக்கான்னு அவன்ட்டயே கேளுங்க, உங்க ஆபீஸ்ல பெருமையடிக்க சேக்காதீங்க. சேக்கிறதுன்னா ஒரு நாள் பிராக்டிஸ் முடியற நேரத்துக்குப் போய் அந்த ஸ்கூல் கோச்ச ஓரமாப் பாருங்க. பையன் நாலு வருஷம் இங்க இருப்பான் சார், நீங்க இருப்பீங்களான்னு கேளுங்க. வாயால என்ன சொல்றாருங்கிறத விடுங்க, தலைய எப்படி ஆட்டுறாருன்னு பாத்துட்டு வந்து எனக்கு எழுதுங்க.

அன்புடன்.