தீவில் வேலை இருக்கிறது, வீடு எங்கே?

கேள்வி: என் மகள் ஸ்காட்லாந்தில் ஒரு தீவு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அக்டோபரில் குடிபோன வீட்டை ஏப்ரலில் காலி செய்யச் சொல்கிறார் வீட்டுக்காரர், சுற்றுலா வருபவர்களுக்கு விடப்போகிறாராம். கொண்டுபோன பெட்டியிலிருந்து துணிகளைக்கூட அவள் இன்னும் முழுசாக எடுத்து அடுக்கவில்லை, வீடியோ காலில் அந்தப் பெட்டியைப் பார்த்தாலே எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆளே இல்லாத ஊரில் வீடு இல்லை என்றால் எப்படி? அங்கே அரசாங்கம் என்னதான் செய்கிறது?
— ஒரு வாசகி

பதில்: அம்மா, வாய்வார்த்தையாகச் சொன்னதற்காக அவசரப்பட்டு சாமான் கட்ட வேண்டாம் என்று முதலில் மகளிடம் சொல்லுங்கள். 2017 டிசம்பருக்குப் பிறகு அங்கே போடும் வாடகை ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றுக்கு முடிவுத் தேதியே கிடையாது. காலி செய்யச் சொல்ல சட்டம் அடுக்கியிருக்கும் காரணங்களில் ஒன்று இருக்க வேண்டும், எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஆறு மாதம் வரை குடியிருந்தவருக்கு 28 நாள், அதைத் தாண்டினால் பொதுவாக 84 நாள். அதற்கப்புறமும் அவள் போகவில்லை என்றால் வீட்டுக்காரர் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும், தானாகப் பூட்டை மாற்ற முடியாது. ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு போய் சிட்டிசன்ஸ் அட்வைஸ் பீரோ என்ற ஆலோசனை மையத்தில் காட்டட்டும், காசு வாங்க மாட்டார்கள்.

சரி, வீடு ஏன் இல்லை? 1980இல் வந்த சட்டம் கவுன்சில் வீட்டில் (உள்ளாட்சி வாடகைக்கு விடும் வீடு) குடியிருந்தவர்களுக்கு அந்த வீட்டையே தள்ளுபடி விலையில் வாங்கிக்கொள்ளும் உரிமையைக் கொடுத்தது. 2016இல் அதை நிறுத்துவதற்குள் ஸ்காட்லாந்து முழுக்க 5 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான வீடுகள் கைமாறிவிட்டன. வாங்கிய குடும்பங்களைக் குறை சொல்ல மாட்டேன், ஏழைக்குச் சொந்த வீடு கிடைத்தது நல்லதுதான். ஆனால் பத்து கவுன்சில் வீடு இருந்த தீவில் ஏழு விற்றுப்போய், அதில் சில கோடையில் மட்டும் விளக்கெரியும் வீடுகளாகிவிட்டால், அங்கே புதிதாக வரும் டீச்சரும் நர்ஸும் எங்கே போவார்கள்? புதிதாகக் கட்டலாம் என்றால் மரச்சட்டம், ஜன்னல் கண்ணாடி எல்லாம் படகில் வர வேண்டும், காற்றடித்தால் படகு ரத்து, வேலைக்கு வரும் தச்சருக்கும் கொத்தனாருக்கும் தங்க இடம் வேண்டும், அந்த இடமும் இல்லை!

அரசு சும்மா இருக்கவில்லை. 2032க்குள் 1,10,000 மலிவு வீடுகள் என்பது இலக்கு, அதில் 10 சதவீதம் ஒதுக்குப்புறக் கிராமங்களுக்கும் தீவுகளுக்கும். 2023 அக்டோபரில் இதற்கென்றே தனிச் செயல்திட்டம் வந்தது. நர்ஸ் மாதிரி அத்தியாவசியப் பணியாளர்களுக்கு வாடகைக்கு விட, இருக்கிற வீடுகளையே வாங்கிக்கொள்ள 2023 முதல் 2028 வரை 2.5 கோடி பவுண்டு வரை ஒதுக்கினார்கள். மகள் தன் மேலதிகாரியிடம் இந்த நிதியைப் பற்றிக் கேட்க வேண்டும், நமக்கு எதற்கு என்று கூச்சப்பட்டு இருந்துவிடக் கூடாது. ஒரே ஒரு எச்சரிக்கை: வேலை விசாவில் போனவர்களுக்கு அரசு உதவித் தொகைகள் பெறக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும், கவுன்சில் வீட்டு ஒதுக்கீடும் அதில் அடங்கும். அதனால் கவுன்சில் பட்டியலில் பேர் கொடுக்கும் முன் விசா விஷயம் தெரிந்தவரைக் கேட்டுவிடட்டும்.

இலக்கு சரி, பணம்தான் நிலையாக வரவில்லை. 2024-25 பட்ஜெட்டில் மலிவு வீட்டுத் திட்டத்தில் 19.6 கோடி பவுண்டை வெட்டினார்கள், அதே 2024 மே மாதம் நாட்டில் வீட்டு நெருக்கடி என்றும் அறிவித்தார்கள். அடுத்த வருஷம் 76.8 கோடியாக உயர்த்தினார்கள். ஒரு வருஷம் வெட்டினால் தீவில் மூன்று வருஷ வேலை தள்ளிப்போகும் என்பது என் கணிப்பு, ஏனென்றால் கலைந்துபோன கட்டுமான ஆட்களைத் திரும்பக் கூட்டி வருவது அங்கே அவ்வளவு லேசில்லை.

எனக்கு நம்பிக்கை தருவது கிகா என்ற சின்னத் தீவு (உள்ளூர்க்காரர்கள் கீயா என்பார்கள்). 2002இல் ஊர் மக்களே ஒரு அறக்கட்டளை அமைத்து, லாட்டரி நிதியும் அரசு அமைப்பின் உதவியும் சேர்த்து 40 லட்சம் பவுண்டுக்குத் தீவையே வாங்கினார்கள். அப்போது அங்கே 100 பேர்கூட இல்லை. கைக்கு வந்த 42 வீடுகளில் முக்கால்வாசி குடியிருக்கவே லாயக்கில்லாதவை. அறக்கட்டளை முதலில் கையில் எடுத்த பெரிய வேலைகளில் ஒன்று அந்த வீடுகளைச் சீர்படுத்துவது. அப்புறம் புது வீடுகளும் எழும்பின. 2011 கணக்கெடுப்பில் அங்கே 163 பேர். பெரிய நகரத்தில் இருபது வீடு ஒரு தெருவின் மூலைகூட இல்லை, தீவில் அதுதான் பள்ளிக்கூடம் திறந்திருக்குமா மூடுமா என்பதைத் தீர்மானிக்கிறது. அதனால்தான் கவுன்சிலுக்கு மட்டுமில்லாமல் ஊர் அறக்கட்டளைகளுக்கும் நேரடியாகப் பணம் தரும் கிராம, தீவு வீட்டு நிதியை நான் மற்ற எல்லாத் திட்டத்துக்கும் மேலாக வைப்பேன்.

கேள்வி: ஸ்காட்லாந்து தீவில் குடியேறினால் 50,000 பவுண்டு தருகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, உண்மையா?

பதில்: இல்லை. 2021இல் அப்படி ஒரு யோசனை இருந்தது, 100 குடும்பங்கள் வரை. 2022இல் கைவிட்டுவிட்டார்கள். யாராவது விண்ணப்பக் கட்டணம் கேட்டால் பைசா கொடுக்காதீர்கள்.

கேள்வி: மலிவு விலையில் கட்டிக் கொடுத்த வீட்டை வாங்கியவர் நாளைக்கே லாபத்துக்கு விற்றுவிட்டால்?

பதில்: நல்ல கேள்வி. இப்போது இதற்கு வழி இருக்கிறது. 2003ஆம் வருஷச் சட்டப்படி கிராம வீட்டு அமைப்புகள் பத்திரத்திலேயே ஒரு நிபந்தனை எழுதலாம்: எப்போது விற்றாலும் முதலில் அந்த அமைப்பிடம் கேட்க வேண்டும், வாங்கும்போது கிடைத்த அதே தள்ளுபடி விகிதத்தில். உதாரணத்துக்கு, சந்தையில் 2 லட்சம் பவுண்டு போகும் வீட்டை 70 சதவீதத்துக்கு, அதாவது 1,40,000க்கு ஒருவர் வாங்குகிறார். பத்து வருஷத்தில் சந்தை மதிப்பு 3 லட்சமானால் அமைப்புக்கு அவர் விற்கும் விலை 2,10,000. அவருக்கும் லாபம்தான், அடுத்து வரும் குடும்பத்துக்கும் அதே தள்ளுபடி கிடைக்கும். அடுத்தவர் விற்றாலும் இதே கதைதான், நிபந்தனை ஆளோடு போவதில்லை, பத்திரத்தோடே இருக்கும்.