ஒன்பது ஒன்றுகளின் வர்க்கம்

அன்புள்ள ஐயா,

எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். 111111111-ஐ அதே எண்ணால் பெருக்கினால் 12345678987654321 வருகிறது என்று ஒரு மாணவி கரும்பலகையில் எழுதிக் காட்டினாள். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் அதே எண். இது பகா எண்ணா, இன்னொரு ஒன்றைச் சேர்த்தாலும் இப்படியே வருமா என்று கேட்கிறாள். எப்படி விளக்குவது?

வாசகி, தஞ்சாவூர்

அன்புள்ள ஆசிரியைக்கு,

எந்த முழு எண்ணின் வர்க்கமும் பகா எண்ணாகாது. முதல் கேள்விக்கு இது போதும். ஆனாலும் காரணிகளை அவளையே தேடவிடுங்கள். 111111111-ஐ ஒன்பதால் வகுத்தால் 12345679. எட்டு மட்டும் விடுபட்டிருக்கும்! அது 37, 333667 என்ற இரு பகா எண்களின் பெருக்கல்.

இரண்டாவது கேள்விதான் பெரியது. பெருக்கலை நீட்டி எழுதச் சொல்லுங்கள். ஒன்பது வரிகள், ஒவ்வொன்றும் ஓரிடம் தள்ளி. பத்திபத்தியாகக் கூட்டினால் 1, 2, 3 என்று ஏறி, நடுவில் 9 ஆகி, அதே படிகளில் இறங்கும். எந்தப் பத்தியும் ஒன்பதைத் தாண்டாததால் அடுத்த பத்திக்கு எதையும் கொண்டுபோக வேண்டியதில்லை. சமச்சீருக்கு இதுவே முழுக் காரணம். பத்து ஒன்றுகளை எடுத்தால் நடுப்பத்தி பத்தாகிவிடும். பூஜ்யம் போட்டு ஒன்றை இடப்பக்கம் கொண்டுபோக வேண்டும். விடை 1234567900987654321. சமச்சீர் போய்விட்டது.

பத்துக்குப் பதிலாகப் பதினாறை அடிமானமாகக் கொண்டு, அதாவது ஓரிடத்தில் பதினாறு சேர்ந்த பிறகே அடுத்த இடத்துக்கு ஒன்றைக் கொண்டுபோகும்படி எழுதினால் பதினைந்து ஒன்றுகள் வரை இந்த ஏற்ற இறக்கம் நீடிக்கும். ஆகவே இந்த அழகு நாம் எண்ணை எழுதும் முறையைச் சார்ந்தது. காரணிகளோ எந்த முறையில் எழுதினாலும் மாறாதவை. இந்த வேறுபாட்டை எட்டாம் வகுப்பிலேயே சொல்லிவிடலாம் என்பது என் உறுதியான எண்ணம். அந்த வயதில் இது நன்றாகவே புரியும்.

இந்த மகிழ்ச்சி பழையது. ஒன்பதாம் நூற்றாண்டில், ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த சமணக் கணித அறிஞர் மகாவீரர், தம் கணிதசாரசங்கிரகத்தில் 12345654321 போன்ற விடைகள் வரும் பெருக்கல்களைக் கழுத்தணிகள் என்று சொல்லிக் கணக்காகக் கொடுத்திருக்கிறார். 27994681-ஐ 441-ஆல் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்நூலை ரங்காச்சாரியார் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, 1912-இல் சென்னையில் அச்சானது.

பகா எண்ணைக் கேட்ட அந்தப் பெண்ணுக்கு இன்னொன்றும் கொடுங்கள்: 12345678910987654321. பத்துவரை ஏறி இறங்கும் இந்த இருபது இலக்க எண் பகா எண்தான். ஆனால் நடுவிலுள்ள பத்தைத் திருப்பினால் 01 ஆகிவிடுவதால் பின்னிருந்து படிக்கும்போது வேறு எண் வருகிறது. திரும்பவும் அதே எண்ணாக வந்திருந்தால் இது பகா எண்ணாகவே இருந்திருக்க முடியாது. ஏனென்றால் இரட்டைப்படை எண்ணிக்கையில் இலக்கங்கள் கொண்ட இருவழியொக்கும் எண்கள் எல்லாமே 11-ஆல் வகுபடும். அது ஏன் என்பதை அவளே கண்டுபிடிக்கட்டும். ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கச் சொன்னால் போதும்.